பறிப்புண்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் செல்லியம்மாளுக்கு உலகமே மறந்துவிடும். பனி விலகாத காலையில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. கண்ணுக்கு அங்கே வேலையில்லை. கை இரண்டும் சேற்றைத் துழாவும், இறால் துள்ளினால் விரல் தானாக மூடிக்கொள்ளும். பிடித்ததைப் போட ஓலைப் பறி வேண்டும். கைதான் தண்ணீருக்குள் இருக்கிறதே! பறியின் கயிற்றை ஒரு பக்கப் பல்லால் கடித்துக் கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்வார்கள். அங்கே இறால் தடவும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

மறு கன்னத்தில் புகையிலை. ஏரியில் இறங்கும்போது அடக்கினால் கரையேறும்வரை ஊறிக்கொண்டே இருக்கும். குளிர் தெரியாது, பசி தெரியாது. தலை லேசாகி, தானும் ஏரியும் சேர்ந்து எங்கோ மிதந்து போவதுபோல இருக்கும். கரையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சுகம் என்ன தெரியும்?

வாயில் புண் வராத பெண்ணே அங்கே கிடையாது. பறிப்புண் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். கயிறு உரசி வருவது, தேன் தடவினால் போய்விடும் என்பார்கள். தங்கை குப்பாயிக்கு வந்தபோது செல்லியம்மாள் தேன்தான் தடவினாள். புண் போகவில்லை. கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், கஞ்சிகூட இறங்காமல், அறுபத்தெட்டாம் வருஷம் மாசியில் குப்பாயி கண்ணை மூடினாள். அவள் மகள் செண்பகத்துக்கு அப்போது பதினாறு வயது.

மூன்று வருஷம் கழித்துப் பட்டணத்திலிருந்து ஒரு மருத்துவ வேன் வந்தது. சந்திரகலா என்ற டாக்டரம்மா எல்லோர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனாள் செல்லியம்மாள். தனக்கு வலி கிலி ஒன்றும் இல்லை, கன்னத்துக்குள் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளைத் திட்டு ஆறு மாதமாக இருக்கிறது, அது வெறும் பறிப்புண் என்று டாக்டருக்கே பாடம் நடத்தினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. கயிற்றை எப்படிக் கடிப்பது என்று காட்டச் சொன்னாள். செல்லியம்மாள் முந்தானையைக் கடித்துக் காட்டினாள். வலது பக்கம்.

"திட்டு இடது பக்கம்தானே இருக்கு? அங்க என்னம்மா வெப்பீங்க?"

 இடுப்பில் செருகிய புகையிலைப் பொட்டலத்தைச் செல்லியம்மாளின் கை தானாகத் தொட்டது.

புகையிலை படும் இடம் முதலில் இப்படித்தான் வெளுக்கும், வலிக்காது, வலிக்காததால்தான் யாரும் வந்து காட்டுவதில்லை என்றாள் டாக்டர். சிலருக்கு அது புற்றாகிவிடும். துணுக்கு வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வா என்றாள்.

வலிக்காத புண்ணுக்குக் கத்தி எதற்கு, சும்மா பேஜார் என்று புருஷன் தேசப்பன் தடுத்துப் பார்த்தான். செல்லியம்மாள் ஒரு வாரம் ஏரியில் நின்று யோசித்தாள். குப்பாயி பட்ட பாடு கண்முன்னே வந்தது. தானும் அப்படிச் சாகப் பயமாக இருந்தது. எட்டாம் நாள் பஸ் ஏறினாள்.

புற்று தொடங்கித்தான் இருந்தது, ஆனால் கடுகளவு. திட்டை வெட்டியெடுத்தார்கள். காலத்தில் வந்ததால் பிழைத்தாய், இனிப் புகையிலையைத் தொடாதே, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து வாயைக் காட்டு என்றாள் டாக்டர். செல்லியம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். அதான் சரியாகிவிட்டதே, எதற்கு அழுகை என்று டாக்டர் தேற்றினாள்.

"அது இல்லம்மா. என் தங்கச்சியும் பறிய வலது பக்கந்தான் கடிச்சிக்கினு இருப்பா. அவளுக்கும் புண்ணு எடது பக்கம். ஒண்ணும் இல்ல போடின்னு தேன் தடவி அனுப்பினது நான்தான்."

ஊர் திரும்பியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செண்பகத்தின் வாசலில் போய் நின்றாள். அவள் பறியை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற," என்றாள் செல்லியம்மாள்.

செண்பகம் சிரித்துக்கொண்டே திறந்தாள். இடது கன்னத்தில் அப்போதுதான் அடக்கிய புகையிலை. செல்லியம்மாள் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்து மண்ணில் வீசினாள்.

"இன்னா பெரிம்மா, தண்ணியில குளுராதா?"

குளிரும்தான் என்றாள் செல்லியம்மாள். செண்பகத்தின் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, கன்னத்துக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று மெதுவாகத் தேட ஆரம்பித்தாள்.