பசி கேட்டேன், பட்டினி நேர்ந்துகொண்டேன்

சமயபுரத்து ஆத்தாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் மாசி மாதம் எனக்குப் பசி செத்துப் போயிருந்தது. அதை அவள் திருப்பிக் கொடுத்த கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் எடை போடுகிறவன். சுற்றிலும் அரிசி மூட்டைகள். நடுவில், ஒரு வாய் சோறு இறங்காத நான். நெல் அவிக்கிற ஆவி வந்தாலே குமட்டும். ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே தராசில் ஏறி நிற்பேன். அறுபத்தெட்டு கிலோ இருந்த உடம்பு நாற்பத்தாறுக்கு வந்துவிட்டது. கன்னம் ஒட்டி, சட்டை கொடியில் காய்வதுபோல் தொங்கியது. கேட்டவர்களிடமெல்லாம் அல்சர் என்று சொல்லிவைத்தேன்.

அல்சர் இல்லை. எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. ஆறு வருஷமாகத் திருச்சியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கலாம். வந்தது, அவ்வளவுதான்.

நடுவில் சில மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு சாப்பாட்டுத் தட்டு. முசிறியில் என் அக்கா இருக்கிறாள். எனக்கு மிஞ்சிய ஒரே சொந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் சாப்பாடு. நோயைப் பற்றி அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவளும் முகம் சுளிக்கவில்லை, பழையபடியே பரிமாறினாள். ஒருநாள் நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவும்போது அடியில் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. டம்ளரைத் திருப்பினேன், அதிலும் இருந்தது. மற்ற தட்டுகளோடு கலந்துவிடாமல் இருக்க வைத்த அடையாளம். “போயிட்டு வரேங்க்கா” என்று சொல்லி பஸ் ஏறியவன்தான், பிறகு போகவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் என் ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு, யாருக்காக இந்த மாத்திரை என்று நினைத்தேன். நிறுத்தினேன். முட்டாள்தனம். காய்ச்சல் வந்து விழுந்த பிறகுதான் புத்தி வந்தது.

மறுபடி மாத்திரை தொடங்கியதும் கிருமி அடங்கிவிட்டது. ஆனால் கரைந்த உடம்பு திரும்பவில்லை. டி.பி. இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆம்பளைங்க உடம்புல சுரக்குற ஹார்மோன் உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிருக்குங்க. அதுக்கு ஊசி போடுறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. இருந்ததெல்லாம் போய் இப்போது இதுவுமா என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“வெக்கப்பட இதுல ஒண்ணுமில்லைங்க. உடம்புல சதை பிடிக்கிறதுக்குத்தான். பசிக்கு ஒரு மாத்திரை தனியா தரேன். ஆனா அது பசியை மட்டும்தான் குடுக்கும். சோத்தை நீங்கதான் போடணும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வந்துடணும், சரியா?”

சரி என்றேன். முதல் ஊசியும் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் சமயபுரம் மாரியம்மன் கோயிலில் பூச்சொரிதல் திருவிழா. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அன்றிலிருந்து இருபத்தெட்டு நாள் ஆத்தா நமக்காகப் பச்சைப் பட்டினி இருப்பாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. பச்சரிசி இடித்து வெல்லம் கலந்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும்தான். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று வேண்டினேன். “ஆத்தா, எனக்குக் காசு வேண்டாம், சொந்தம்கூட வேண்டாம். பசியைக் கொடு. உன்னோடு சேர்ந்து நானும் பட்டினி இருக்கிறேன்.”

பசி வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதற்காகப் பட்டினி நேர்ந்துகொண்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. எப்படியும் சோறு இறங்கப் போவதில்லை, அதையே விரதமாக்கிவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டேன்.

மஞ்சள் வேட்டியோடு ஆலைக்குப் போனேன். அதுவரை என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்கள் “சாமி” என்று கூப்பிட்டார்கள். மெலிந்த உடம்பைப் பார்த்து, “என்ன வைராக்கியம் பாரு” என்றார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. நோயாளியை யாரும் பக்கத்தில் வந்து விசாரிப்பதில்லை. விரதக்காரனை விசாரிக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் மட்டும் விரதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஹெச்.ஐ.வி. மாத்திரையும் பசி மாத்திரையும் பானகத்தோடு உள்ளே போயின.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். ஒரு மத்தியானம், நெல் அவிக்கிற ஆவி வந்தது. குமட்டவில்லை. வாயில் எச்சில் ஊறியது. வயிற்றைப் பிடித்து யாரோ இழுப்பதுபோல் இருந்தது. பசி! எத்தனையோ மாதம் கழித்து வந்த பசி. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நொடியே பயமும் வந்தது. விரதம் முடிய இன்னும் பாதி நாள் கிடக்கிறதே! ஆத்தா சோதிக்கிறாள் என்று முடிவு கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வர, தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது நாற்பத்து நான்கு காட்டியது.

களத்தில் நெல் துழாவும் செல்வி ஓடி வந்தாள். என்னைவிடச் சின்னவள், வாய்த்துடுக்கு அதிகம். தராசிலிருந்து இறக்கி உட்காரவைத்துத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினாள். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு.

“விரதம் செல்வி.”

“ஆத்தா எதுக்குண்ணே பட்டினி கெடக்குறா? புள்ளைங்க நல்லா சாப்பிடணும்னுதானே? நீங்களும் கெடந்தா அவ கெடக்குறதுக்கு என்ன அர்த்தம்?”

கை டப்பாவை நோக்கிப் போனது. அப்போது அந்தச் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்தது. “செல்வி, எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. இது நீ சாப்பிடுற டப்பா” என்றேன்.

அவள் முகம் மாறியது. டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். சாயங்காலம் டப்பாவை வாங்கவும் வரவில்லை.

நான் சாப்பிட்டேன். ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டே, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

அறைக்கு வந்து டப்பாவை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். பழக்கதோஷத்தில் அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பெண் பேர் வெட்டியிருந்தது. இனி இதை அவள் வாங்க மாட்டாள் என்று தெரியும். கடைத்தெருவுக்குப் போய் அதே அளவில் புது டப்பா ஒன்று வாங்கினேன்.

மறுநாள் செல்வியிடம் புதியதை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இது எதுக்கு? எங்கம்மா பேரு வெட்டின டப்பா எங்கண்ணே?”

“அதுல நான் சாப்பிட்டேனே.”

“அதுக்கு? நேத்து பயந்துதான் ஓடுனேன், இல்லேங்கலை. எங்க ஊரு நர்ஸம்மாகிட்ட உங்க பேரைச் சொல்லாம கேட்டேன். சேந்து சாப்பிட்டா வராதாம். குடுங்கண்ணே, பசிக்குது.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொண்டு வந்திருந்த சோற்றை அதில் கொட்டிப் பிசைந்தாள். பாதியைப் புது டப்பாவில் எனக்குத் தள்ளிவிட்டு, நான் வாய் வைத்த அந்த டப்பாவிலேயே என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் பார்த்துப் பார்த்துப் பசி மாத்திரையைச் சில மாதத்தில் நிறுத்தினார். ஊசியும் ஹெச்.ஐ.வி. மாத்திரையும் தொடர்கின்றன. இப்போது அறுபது கிலோ. தனிமை முழுசாகத் தீர்ந்தது என்றால் பொய். சாயங்காலம் அந்த அறைக்குத்தான் திரும்புகிறேன். அக்கா இரண்டு தடவை போன் செய்தாள், இன்னும் போகவில்லை. அந்த மனசையும் ஆத்தாவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் நான் பட்டினி இருக்கவில்லை. சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்குக் கொள்ளிடம் பாலத்தருகே நின்று நீர்மோர் ஊற்றினேன். செல்வியும் வந்து ஊற்றினாள்.

என்னைப்போல் ஒளிந்து வாழ்கிற யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். மருந்தை விடாதீர்கள். டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆத்தாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அவள் கொடுப்பாள். நான் சொந்தம் வேண்டாம் என்றேன், பசியை மட்டும்தான் கேட்டேன். அவள் பசியோடு சேர்த்து, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆளையும் அனுப்பினாள்.