ஒன்பது கதைப் புத்தகங்களும் அடியில் வைத்த ஒன்றும்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு புனேயில் செய்யாத வேலை குறைவு. பிம்ப்ரியில் மருந்து ஆலைக்கு அட்டைப்பெட்டி ஒட்டினேன். லோஹேகாவில் விமானப்படைக் குடும்பங்கள் வீடு மாறும்போது சாமான் கட்டினேன். நடுவில் ஒரு வருஷம் கோவா பக்கம் போய் மலேரியாவோடு திரும்பினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வாடகை ஆட்டோ ஓட்டினேன். உட்கார்ந்தபடியே ஊர் சுற்றலாம் என்பதால் அது கொஞ்சம் நீடித்தது.

அப்போது வாரத்துக்கு ஒரு முறையாவது என் ஆட்டோவில் ஏறுவார் ராஸ்தா பேட் பகுதியில் வீடு உள்ள ஓர் அம்மாள். மராத்தியில் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர், அறுபது வயதிருக்கும். நான் அவரைத் தாயி என்பேன், மராத்தியில் அக்கா. அவர் என்னை அண்ணா என்பார். புனேக்காரர்களுக்குத் தெற்கத்தியான் எல்லோரும் அண்ணாதான், வயது கணக்கில்லை.

சனிக்கிழமை மட்டும் கூப்பிட மாட்டார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாங்க யூதர்கள். சனிக்கிழமை வேலை கிடையாது."

முன்னோர் கொங்கண் கரையில் எண்ணெய் ஆட்டியவர்களாம். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் அக்கம்பக்கத்தில் அவர்களுக்குச் சனிக்கிழமை வாணியர் என்றே பெயர்.

"இதை நான் கூட்டத்துல சொல்றதில்லை அண்ணா. சொன்னா அடுத்து ஒரே கேள்விதான் வரும்."

"என்ன கேள்வி?"

"உங்க நாட்டுக்கு எப்போ போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இதே புனேயில், போபோடியில் பிறந்தவன். மெட்ராசுக்கு எப்போது திரும்புவாய் என்று என்னையும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மெட்ராசை நான் பார்த்ததே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சொல்லப்போய், கூட்டம் முடியும்வரை அதே பேச்சாம். கதையைப் பற்றி ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லையாம்.

பிறகு பிம்ப்ரியில் ஒரு சிறுவர் நூலகம் அவரைக் கூப்பிட்டது. சின்ன வயதில் பிடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து காட்டிப் பேச வேண்டும். பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தவன் நான்தான். ஒன்பது ஒல்லிக் கதைப் புத்தகங்கள். அவற்றோடு துணியில் சுற்றிய ஒன்று, செங்கல் பருமன்.

"ஒன்பதுன்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் வழியில். "இது பத்தாவது. வெளியே எடுக்கறதா வேண்டாமான்னு இன்னும் தெரியல. உண்மையா பிடிச்சது இதுதான். ஆனா எடுத்தா அந்தக் கேள்வி வரும்."

போய்ச் சேர்ந்ததும் நூலகக்காரர் அவரைப் பதிவேட்டில் எழுத வைக்க உள்ளே அழைத்துப் போனார். நான் பையை மேசைமேல் வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமான் கட்டிய கை சும்மா இருக்குமா? பெரியது அடியில், சின்னது மேலே. அந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான். துணியோடு வைத்தால் வழுக்கியது. துணியை உருவிவிட்டு அந்தச் செங்கல்மேல் ஒன்பதையும் கோபுரமாக அடுக்கினேன். ஒரு பையன் கைகூடத் தட்டினான்.

தாயி வாசலில் நின்று பார்த்தார். முகம் மாறியது. ஓடிவந்து அடிப் புத்தகத்தை உருவினார். கோபுரம் சரிந்தது, பெரியதும் கை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து அதை எடுத்து முத்தமிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஜெபப் புத்தகத்தின் மேல் தீப்பெட்டி வைத்ததற்காக அம்மா என்னை அடித்திருக்கிறாள்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட பெண் எழுந்தாள். "எல்லாமே கீழே விழுந்துச்சு. அதுக்கு மட்டும் ஏன் முத்தம்?"

தாயி என்னைப் பார்த்தார். அவரைத் திருப்பிக் கூட்டிப்போகும் சவாரி எனக்கு இல்லை என்று முடிவு கட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எங்க அப்பாவோட பிரார்த்தனைப் புத்தகம். இதுமேல வேற எதையும் வைக்கக் கூடாது. நாங்க யூதர்கள்."

பிறகு விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் மராத்தி, எதிர்ப்பக்கம் எபிரேயம்.

"மராத்திப் பக்கத்தை நான் படிச்சிடுவேன். எதிர்ப்பக்கம் புரியாது. அதுல வேற ஏதோ கதை இருக்குன்னு நினைச்சு, நானே ஒரு திருடனையும் ஒட்டகத்தையும் உண்டாக்கி அப்பாவுக்குச் சொல்வேன். 'இதெல்லாம் எங்கேடி இருக்கு?'ம்பார். அப்படித்தான் எழுத வந்தேன்."

மராத்தி எழுத்தும் சரியாகப் படிக்க வராத எனக்கு இரண்டு பக்கமுமே ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நன்றாகவே புரிந்தது.

அதோடு சனிக்கிழமை விஷயத்தையும் சொன்னார். கைதட்டிய பையன் கேட்டான்: "ஹோம்வொர்க்கும் வேலையா?"

"எழுதறதும் வேலைதான்."

"அப்போ நான் யூதனாகலாமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னால் நின்ற ஒரு தகப்பனார் தொண்டையைச் செருமினார். "மேடம், அப்போ உங்க நாட்டுக்கு எப்போ போறீங்க?"

வந்துவிட்டது. நான் காலிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இதோ, டீ குடிச்சதும்" என்றார் தாயி. "அண்ணா ஆட்டோவோட நிக்கிறார். ராஸ்தா பேட்."

பெரியவர்கள் சிரித்தார்கள். இரட்டைச் சடைக்காரி சிரிக்கவில்லை. திரும்பி அந்த மனிதரை முறைத்தாள்.

"சும்மா இருங்க அங்கிள். தாயி, அந்தத் திருடன் ஒட்டகத்தை என்ன பண்ணினான்?"

தாயி புத்தகத்தை மறுபடி விரித்து, எபிரேயப் பக்கத்தில் விரலை வைத்தார். டீ வந்து ஆறியது. அவர் நாட்டுக்குக் கிளம்ப எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.