முதுகில் இருந்த உண்ணி

கிள்ளான் பூங்காவில் நான் வேலைக்குப் போன முதல் நாள், துணி காயப்போட வந்தவள் என்று நினைத்துக் காவலாளி என்னை வெளியே போகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை. வெள்ளை ஃபிளானல் துணியைக் கயிற்றில் கட்டிப் புல் மேல் இழுத்துக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. அவ்வப்போது துணியைப் புரட்டி, ஒட்டியிருக்கும் உண்ணிகளை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவேன். அவற்றில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று லேப்பில் பார்ப்பார்கள்.

பேச்சுத்துணை கிடையாது. கணவர் இறந்து, மகளும் மெல்பர்ன் போன பிறகு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலும் அப்படித்தான். அதனால் காலையில் நாயோடு வரும் வேலு அண்ணனை என் கண் தேடும். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை.

"இன்னிக்கு எத்தன மாட்டுச்சு, தங்கச்சி?"

"உங்க ஜிம்மி மேல இருக்கறத விட கம்மிதான். மருந்து போட்டீங்களாண்ணே?"

"போடறேன் லா."

அவ்வளவுதான் பேசுவோம்.

நடுவில் சில நாள் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு காலை, வெயிலிலும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கொதித்தது. கையில் சிவப்புப் புள்ளிகள்.

"கிளினிக்ல டெங்கி இல்லன்னாங்க. சரியாயிடும்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரிங்க."

"ஜிம்மிய யாரு பாப்பா?"

நாயைக் காவலாளியிடம் விட்டுவிட்டு அவரைக் காரில் ஏற்றினேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். "காட்டுப் பக்கம் போனீங்களா அங்கிள்? பூச்சி ஏதும் கடிச்சுதா?"

"காட்டுக்கெல்லாம் போகலம்மா. பார்க்குக்குத்தான் போவேன்."

அந்தப் பூங்காவில்தான் உண்ணி பிடிக்கிறேன் என்று நான் சொன்னதும், சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, ரத்தம் குடித்துப் பருத்த உண்ணி ஒன்று.

"இத்தன நாளாவா தெரியல?"

"முதுகுல இருந்தா எனக்கு எப்படிம்மா தெரியும்? வீட்ல யாரு பாக்கறதுக்கு இருக்கா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். இடுக்கியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுத்தார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தையும் தொடங்கிவிட்டார். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் கேட்டபோது, அண்ணன் சுவரைப் பார்த்தார். நான் என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

சில நாளில் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் வீடு திரும்பிய அன்று மாலை, குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றேன். எப்படித் திரும்பியும் என் முதுகு எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவிடம் அதுவரை சிரித்ததோடு சரி. போய்க் கதவைத் தட்டி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விளக்கடியில் என்னைத் திருப்பி நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். இன்னொரு கை என் முதுகில் பட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. சட்டென்று என்னால் நகர முடியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். காற்சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் அக்குள், காதுமடல், முட்டிக்குப் பின்புறம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதுகை மட்டும் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.