மீசை வைத்த பிரதிநிதி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோ போவது மாதிரி அது ஏறி இறங்கும். நகரிப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். பெரிய ற எங்கே போட வேண்டும் என்பது இன்னும் எனக்குத் தகராறு. கட்சி அனுப்பிய சுற்றறிக்கையில் ஒரு பிழைகூட இல்லையாம். அதை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டாண்டில் இடம் வேண்டுமென்றால் கட்சிக் கொடி கட்ட வேண்டும். கட்டியிருந்தேன். கூட்டங்களில் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகிவிடும்.

சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து மாநாடு. ஒவ்வொரு மண்டலமும் (ஆந்திராவில் தாலுகாவுக்கு அதுதான் பேர்) அனுப்பும் பிரதிநிதிகளில் ஓரிடம் திருநங்கைகளுக்கோ, ஆணை விரும்பும் ஆணுக்கோ, பெண்ணை விரும்பும் பெண்ணுக்கோ என்று மேலிடம் அந்தச் சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது. எங்கள் மண்டலத் தலைவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அங்கே சிரிப்புக்கும் அவர்தான் தலைவர்.

நான் அக்காவை நினைத்துக்கொண்டேன். அக்கா திருநங்கை. கூடப் பிறந்தவர் இல்லை, என் ஆட்டோவில் வந்துபோய்ப் பழக்கம். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் ஊர்வலத்துக்கு முன்னால் தார் ரோட்டு வெயிலில் ஆடியவர். பிரதிநிதிக்கு மைக்கில் இரண்டு நிமிடம் தருவார்கள். அக்காவுக்கு அதுதான் வேண்டும். அவருக்கு யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லை. தந்தாலும், பக்கத்து வீடு முணுமுணுத்ததும் காலி செய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் மூட்டைகள் என் ஆட்டோவில்தான் ஏறும். மாநாட்டுக்கு வரும் மாநிலத் தலைவர் முன்னால் பேசுவதற்கு என் ஆட்டோவிலேயே பேசிப் பழகினார்.

"வாடக கேட்ட அன்னிக்கே குடுக்கிறோம், தொரத்தாதீங்க. அவ்ளோதான் தம்பி. இதுக்கு ரெண்டு நிமிசமே ஜாஸ்தி."

எங்கள் மண்டலத் தலைவர் அந்த இடத்துக்குத் தன் மச்சானை அனுப்பினார். மச்சானுக்குப் பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி. எங்கள் மண்டலமே இல்லை. மனைவி, பிள்ளைகள், காது வரைக்கும் மீசை. ஆனால் அவர் வருடா வருடம் கங்கம்மா ஜாத்திரையில் புடவை கட்டுவார். வேண்டுதலுக்காக ஆண்கள் பெண் வேஷம் போடுவது திருப்பதி வழக்கம். நானும் போட்டிருக்கிறேன். ஆத்தாளுக்குச் செய்கிற பக்தி அது. மறுநாள் லுங்கிக்கு வந்துவிடுவோம். மச்சான் பூவும் புடவையுமாக நின்ற போட்டோவை, முந்தானையால் மீசையை மறைத்திருந்த போட்டோவை, திருநங்கை என்று சொல்லித் தலைவர் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா நேரில் போய்க் கேட்டார். தமிழ்க்காரர்களிடம் தலைவர் தமிழில்தான் பேசுவார்.

"வருசா வருசம் பொடவ கட்றான்ல? அப்புறம் இன்னா? ஒனக்கு வேற வேல வெச்சிருக்கேன். வாசல்ல நின்னு மாநிலத் தலைவர் கார்க்கு திஷ்டி சுத்து."

மாநாட்டு வாசலில் அக்கா பூசணிக்காயோடு நின்றார். நான் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். மச்சான் பேட்ஜைக் குத்திக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். மாநிலத் தலைவர் வேறு வாசல் வழியாக வந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில், புதிய பிரதிநிதிகளுக்கு அவரே மேடையில் சால்வை போடுவார் என்று ஸ்பீக்கரில் சொன்னார்கள். எங்கள் தலைவர் வேர்த்து ஒழுக வெளியே ஓடி வந்தார்.

"வாம்மா, மேல ஏறி நில்லு. சால்வ போடுவாங்க, போட்டோ புடிப்பாங்க, எறங்கிடு. மச்சான் பேட்ஜ வாங்கித் தரேன்."

அக்காவை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டது அன்றுதான்.

"மைக்கு?"

"மைக்கெல்லாம் மச்சான் பாத்துக்குவான்."

அக்கா பூசணிக்காயை என் ஆட்டோ சீட்டில் வைத்தார். "அப்போ சால்வயும் அவரே போட்டுக்கட்டும். மீசைக்கு ரெண்டு மொழம் பூ வெச்சி அனுப்புண்ணா."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏ நைனா, இவங்க ஆளுங்க உன் ஆட்டோலதான போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க? வேற ஒண்ண இட்டுக்கினு வா, சீக்கிரம்."

என் நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியாது.

"நான் இருக்கேண்ணா."

"நீ இருந்து?"

"எனக்கும் ஆம்பளைங்க மேலதான் மனசு. அதான் கண்ணாலம் பண்ணிக்கல. நீங்க படிச்ச காயிதத்துல நானும் இருக்கேன்."

அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு மட்டும் சொல்லாமலே தெரியும். தலைவர் என் காக்கிச் சட்டையையும் தொப்பையையும் பார்த்தார்.

"மூஞ்சப் பாரு. ஒனக்குப் பொடவ கட்டி ரெடி பண்ண இப்போ யாருக்குடா நேரம் இருக்குது?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

இந்த மாதிரி ஆளுக்குப் பயந்தா இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. என்னை அடிப்பார்கள், துப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அதற்குக்கூட நேரமில்லை.

மச்சான் மீசையோடேதான் மேடை ஏறினார். உங்கள் தைரியத்துக்குத் தலை வணங்குகிறேன் என்று மாநிலத் தலைவர் தெலுங்கில் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. விசில் பறந்தது. தன் இரண்டு நிமிடத்தில் மச்சான், மாங்காய்க்கு நல்ல விலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதிலாவது பொய் இல்லை.

"இன்னும் சுத்தாத காய்தான். மோர்க்கொழம்பு வெக்கலாம், வண்டிய எடு," என்றார் அக்கா. எப்போதும் பின்னால் உட்காருகிறவர் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கொடியை அவிழ்த்து, அதிலேயே முன் கண்ணாடியைத் துடைத்தேன்.

கொடி இல்லாத வண்டிக்கு இப்போது ஸ்டாண்டில் இடமில்லை. ரோட்டில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்கிறேன். அந்த மாதமே அக்காவை மறுபடி காலி செய்யச் சொன்னார்கள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, எங்கே என்று கேட்காமல், என் அப்பா விட்டுப்போன ஷீட் போட்ட வீட்டுக்கு ஓட்டினேன். முன்ரூம் இப்போது அக்காவுடையது. தெரு முணுமுணுக்கிறது. சொந்த வீடு, யார் காலி செய்யச் சொல்வார்கள்?

இன்று காலை தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த ஊர்வலத்துக்கு ஆட ஆள் வேண்டுமாம். அக்கா பல் விளக்கிக்கொண்டே, "மச்சானக் கேளு," என்றார்.

2025 ஆகஸ்டு 10, ஞாயிற்றுக்கிழமை.