ஒரு நாள் குறைந்த சூடு

ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் கசிவக்கா. கண்ணாடிக் குழாயில் மயிரிழை அளவு காற்று நுழைந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். குடுவை கழுவ வந்தவள்தான். பத்தொன்பது வருடத்தில் பம்பு, வால்வு, சூடேற்றும் அடுப்பு எல்லாமே அவள் பொறுப்பு என்றாகிவிட்டது.

பேராசிரியர் அப்போது செனான் வாயுவில் மூழ்கியிருந்தார். குழாயில் அதை நிரப்பி, மின்சாரத்தை ஒரு கணம் பாய்ச்சி நிறுத்துவார். அந்தக் கணத்தில் கொதித்துப்போன எலக்ட்ரான்கள் வாயுவின் சூட்டுக்கு இறங்கி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பார். முதலில் மளமளவென்று இறங்கும். மோதுகிற அணுக்களைக் கிளர்த்திவிட்டு ஆற்றலைக் கொட்டிவிடும். அதற்கான தெம்பு தீர்ந்த பிறகுதான் இழுபறி. கனமான செனான் அணுமேல் எலக்ட்ரான் மோதுவது பூசணிக்காய்மேல் கடுகை எறிகிற கதை: கடுகு துள்ளித் திரும்பும், வேகம் குறைந்ததே தெரியாது. மோதல்கள் லட்சத்தைத் தொட்டால்தான் எலக்ட்ரான் அடங்கும்.

ஆனால் அவருக்குக் கிடைத்த நேரம் புத்தகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா, உள்ள புதுசா என்னமோ நடக்குது. இதுவரைக்கும் யாரும் பாக்காதது!"

மாநாட்டில் பேசவும் பெயர் கொடுத்துவிட்டார்.

கசிவக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாயு நிரப்புமுன் குழாயை இரண்டு நாள் சூட்டில் வைத்துப் பம்பை ஓட்டவேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஈரம் அப்போதுதான் போகும். இந்தக் குழாயைச் சூட்டில் வைத்து ஒரு நாள் முடிந்த கையோடு, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். மறுநாள் வந்து அப்படியே வாயுவை நிரப்பினாள். பதிவேட்டில் 'இரண்டு நாள்' என்று எழுதினாள்.

நீராவி செனான் மாதிரி இல்லை. அதன் மூலக்கூறு சுழலும், அதிரும். எலக்ட்ரான் கொண்டுவரும் ஆற்றலைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளும். துளி ஈரம் இருந்தாலே கணக்கு தலைகீழாகிவிடும்.

பேராசிரியர் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்த அன்று மாலை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுகிறவன்.

"சொன்னா என்ன செய்வாங்க?"

"வேலைய விட்டு அனுப்பினாலும் அனுப்பலாம்."

"சொல்லலேன்னா?"

"அவரு நாலு பேர் முன்னாடி போய் நிப்பாரு."

"அப்ப காலையிலேயே சொல்லிடு. தள்ளிப்போட்டா வாய் வராது."

காலையில் பேராசிரியர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சார், அந்தக் குழாய ஒரு நாள்தான் சூட்டுல வச்சேன். ரெண்டுன்னு எழுதிட்டேன். நேரம் கொறைஞ்சது ஈரத்தாலன்னு நெனைக்கிறேன்."

அவர் முகம் செத்துவிட்டது.

"நாலு மாசம்க்கா" என்றார். வெளியே போய்விட்டார். அரை மணி கழித்து வந்து, "மறுபடி சூட்டுல வைங்க. இந்த தடவ நானும் கூட இருக்கேன்" என்றார்.

முழுதாக இரண்டு நாள். மூன்றாம் நாள் திரையில் விழுந்த கோடு அசமந்தமாக, புத்தகத்தில் போட்டபடியே இறங்கியது. பேச வரவில்லை என்று பேராசிரியர் மாநாட்டுக்காரர்களுக்குத் தானே கடிதம் எழுதினார். கசிவக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் அவர் அவளிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்குக் கடிதத்தைவிட உறைத்தது.

பிறகு ஒரு நாள் அவரே வந்தார். "அக்கா, ஈரத்த அளந்து அளந்து உள்ள விட முடியுமா?"

முடிந்தது. எவ்வளவு நீராவி இருந்தால் எலக்ட்ரான் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று அடுத்த வருடம் கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்து நன்றி வரியில் அவள் பெயர் இருந்தது.

மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "எதுக்கும்மா உனக்கு நன்றி?"

"குழாய்க்குள்ள தண்ணி விட்டதுக்கு."

"அதுக்கெல்லாமா நன்றி சொல்வாங்க?"

"ரெண்டாவது தடவ விட்டதுக்குத்தான்டி" என்றாள் கசிவக்கா.