முதலில் யாருக்குச் சொல்வது

இந்த நாட்டில் பல்லுப் பிடுங்கப் போனாலும், நான் செத்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நேரே அப்படிக் கேட்பதில்லை. ‘எமர்ஜென்சி கொண்டாக்ட்’ என்று நாகரிகமாகக் கேட்கிறார்கள். நீச்சல் தடாகத்தில் கேட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டார்கள். அறை வாடகைக்குத் தந்தவர் சாவியைக் கையில் தருவதற்கு முன்னர் கேட்டார். கண்ணாடி போடப் போன இடத்தில் எனக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று யோசித்துக்கொண்டே நானும் எழுதிக் கொடுத்தேன். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், என் முகத்தைப் பார்த்தாலே அதிக காலம் இருக்கமாட்டேன் என்று இவர்களுக்குத் தெரிகிறதோ என்றுகூட நினைத்தேன். எல்லாரிடமும்தான் கேட்கிறார்கள் என்று அறிந்த பிறகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஊரில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. இலங்கையில் எங்கள் கல்முனை பஸ் நிலையத்தில் நான் மயங்கி விழுந்தால், என்னைத் தூக்குவதற்கு முன்னரே ஓட்டோக்காரர்கள் என் விலாசத்தைத் தீர்மானித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டோடு போய்விடுகிறவன். அதனால் இன்னாருடைய மகன் என்பதைவிட, இன்ன வீட்டில் முடித்தவன் என்பதுதான் அவனுக்கு அடையாளம். “இவரு மில்லடியில முடிச்சவரல்லுவா” என்று ஒருவர் சொன்னால் போதும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது என் மனைவி ரசீனாவின் தம்பிமார் வாசலில் நிற்பார்கள்.

ஆனால் மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி, அப்படி ஓடாது. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மிக நெருங்கியவருக்கு அது கடைசியாகத்தான் போக வேண்டும். முதலில் தாங்கக்கூடியவர்களுக்குச் சொல்லி, அவர்கள் கூடிக் கதைத்து, பக்குவமான ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் அந்த ஆள் சபூர் காக்கா. என் வாப்பாவின் வழியில் தூரத்துச் சொந்தம், பஸாரில் கூரை ஓட்டுக்கடை வைத்திருப்பவர். சத்தம் வைத்துக் கதைக்கத் தெரியாத மனிதர். வீட்டுக்குப் போவார், குடையை மடிப்பார், கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டுக் குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வரும். இத்தனை வருடங்களில் அவர் சொல்லி ஒருவரும் மயங்கி விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. ஒரே சிரமம், அவர் சும்மா ஒரு வீட்டுக்குப் போக முடியாது. தெருவில் திரும்பினாலே பெண்கள் தங்கள் புருஷன்மாருக்குப் போன் கோல் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாண வீடுகளுக்கு அவர் மனைவியை மட்டும் அனுப்பி வைக்கிறார்.

பாண் சுடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, இதெல்லாம் தெரிந்த பொறுப்புள்ள குடும்பஸ்தனாக, சபூர் காக்காவின் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். நிர்வாகப் பிரிவில் ஹெலன் என்ற பெண் அதைப் படித்தாள். நீங்கள் திருமணமானவர்தானே என்று கேட்டாள். ஓம் என்றேன். மனைவி இருக்கும்போது ஏன் வேறொருவருடைய பெயர் என்று கேட்டாள். மனைவி இருப்பதால்தான் என்றேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் எல்லாம் சுமுகமாக இருக்கிறதா என்று விசாரித்தாள். மிகவும் சுமுகம், அதனால்தான் அவளுக்கு உடனே தெரியக்கூடாது என்று விளக்கினேன். ஹெலன் தலையாட்டினாள். போகும்போது, பிரச்சினையுள்ள தம்பதியர் ஆலோசனை பெறுவதற்கான ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தந்தாள். பஸ்ஸில் வாசித்துப் பார்த்தேன். நல்ல கருத்துகள் இருந்தன.

சில மாதங்களுக்குப் பிறகு, கொடுத்த நம்பர்களெல்லாம் சரிதானா என்று ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதென்று கம்பெனி முடிவு செய்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. மாவு புழங்கும் இடத்தில் கைத்தொலைபேசி கூடாது என்பதால் என்னுடையது லொக்கரில் கிடந்தது. நான் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்முனையில் மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து கடையில் இருந்த சபூர் காக்காவுக்குக் கோல் போயிருக்கிறது. பிறகு அவரே எனக்குச் சொன்னார்.

“ஒரு பொம்பிள மனே. உன்ட பேரச் சொல்லி, நீங்க அவருக்கு என்ன முறை எண்டு கேட்டாள். பிரதர் எண்டன். ஓகே, தாங்க்யூ எண்டுட்டு வெச்சிட்டாள். எனக்கு விளங்கிட்டு. முதல் கோல்ல ஆரும் சொல்ற இல்ல. நானும் அப்பிடித்தானே செய்யிற? நல்ல பழக்கப்பட்ட பிள்ளபோல எண்டு நினைச்சன்.”

ஹெலன் இரண்டாவது தடவை எடுப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் எடுக்கவில்லை. பாவம், பெண் பிள்ளை, சொல்ல மனம் வரவில்லையாக்கும் என்று இரங்கி, ரசீனாவின் மாமா ஒருவரிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் ஒருவரிடம் மட்டும் சொல்வதற்கும் ஊருக்குச் சொல்வதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. என் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. அதோடு உறுதியாகிவிட்டது. மௌத்து வீட்டுக்கு வருகிறவர்கள் இருப்பதற்கு மாமா பிளாஸ்டிக் கதிரைகளுக்குச் சொல்லியனுப்பினார். பள்ளிவாசலில் அறிவிப்பதற்கு மட்டும் ஒரு தடங்கல் இருந்தது. ஜனாஸா நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று பாங்கு சொல்லும் மோதின் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு தகவல் குறைந்ததால், ஒலிபெருக்கியில் மட்டும் நான் சாகவில்லை.

வேலை முடிந்து லொக்கரைத் திறந்தபோது தவறிய கோல்கள் எண்ண முடியாமல் நிறைந்திருந்தன. என்னோடு படித்த ஒருவன் என் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்: அல்லாஹ் உனது பிழைகளை மன்னித்து உயர்ந்த சுவர்க்கத்தைத் தருவானாக. விஷயம் புரியாமல், பழக்கத்தில் ‘ஆமீன்’ என்று பதில் போட்டேன். அவனுக்கு அன்றிரவு காய்ச்சல் கண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வீட்டுக்கு எடுத்தேன். ரசீனாதான் எடுத்தாள். நான் ஹலோ என்றதும் பின்னால் எனக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“எங்க நிக்கீங்க?” என்றாள்.

“ஃபெக்டரி வாசல்ல.”

“சாப்பிட்டீங்களா?”

இன்னும் இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் எனக்கு இடைஞ்சல் தரக்கூடாதென்று மழையில் போய் நின்றார்.

அடுத்த நாள் சபூர் காக்கா மன்னிப்புக் கேட்டார். ஊரே சிரித்துத் தீர்த்தது. கதிரைகளைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தார்களாம். ரசீனா மட்டும் சிரிக்கவில்லை.

“இனிமேல் என்ட பேரப் போடுங்க,” என்றாள்.

“உனக்கு பிரஷர் இரிக்கி.”

“பிரஷருக்குக் குளிசை இரிக்கி.”

“இங்கிலீஷ்ல கதைப்பாங்க.”

“கதைக்கட்டும். கதிரை இறக்கினதப் பார்த்துத்தான் நான் விளங்கினன். சபூர் காக்கா வந்து தண்ணி கேக்கக்குள்ள எனக்கு எல்லாம் தெரியும். உங்கட மௌத்து கதிரைக்காரனுக்குத் தெரிஞ்சி, மாமாக்குத் தெரிஞ்சி, மோதினுக்குத் தெரிஞ்சி, கடைசியாத்தான் எனக்கு. இஞ்ச கொண்டு வாற இல்ல, அங்கயே அடக்கட்டும் எண்டு ஆம்பிளையள் முடிவும் எடுத்துட்டாங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல.”

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்றேன். எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

“தெரியா,” என்றாள். “ஆனா கேட்டிரிக்கணும்.”

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் எல்லோரும் அவளை வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தோம். பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஒழுங்குக்குள்தான் என்பதால் எனக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இதைச் சபூர் காக்காவிடம் சொன்னேன். “பொஞ்சாதிட காதுக்கு நேரா அந்தக் கதை போகப்படாது மனே,” என்றார். பிறகு, “அவ கேட்டா சரிதான்,” என்றார்.

நான் ஹெலனிடம் போனேன். மனைவியின் பெயரைப் போட வேண்டும் என்றதும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். துண்டுப்பிரசுரம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தாள் போலும். இப்போதே எடுத்துச் சரிபார்த்துவிடுவோம் என்றாள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள் நம்பரை அழுத்திவிட்டாள். மணி அடித்தது. விதிப்படி மனைவியே பதில் சொல்ல வேண்டும், நீங்கள் பேசக்கூடாது என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். ஸ்பீக்கரில் எங்கள் வீட்டுக் காற்றாடியின் கடகடப்பும் எங்கேயோ ஒரு காகமும் கேட்டன. ஹெலன் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். என் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் காற்றாடி நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும்.

“யெஸ்,” என்றாள் ரசீனா. அவள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை. மகளிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்று விளங்கியது. ஒவ்வொரு சொல்லாக வந்தது. “ஐ ஆம் வைஃப். டெல் மீ ஸ்லோலி. ஐ வில் நொட் க்ரை.”

ஹெலன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் மேசைக்கு இந்தப் பக்கம், கையில் மாவோடு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த நேரத்தில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது ஹெலனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.