அத்தையின் பெயரில் ஓர் அடக்கம்

"ஜனவரி 22, சனிக்கிழமை. இப்பங்கைச் சேர்ந்த மில் தொழிலாளியின் மகள், வயது பதினொரு மாதம், காய்ச்சலால் இறந்து, அன்று மாலையே இவ்வூர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டாள்."

லத்தீனில் உள்ள ஒரே வரி, தமிழ் என்னுடையது. குழந்தையின் பெயரையும் வருடத்தையும் என் அத்தை கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன். யுத்த காலம் என்று மட்டும் சொல்லலாம். பதிவு இருப்பது கருமத்தம்பட்டிக்கு அப்பால், அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பழைய பங்குக் கோயிலில். அந்த வரியில் எழுதியிருந்த பெயர் அத்தையின் பெயர். அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அதைப் படிப்பதற்கு முந்தின நாள்தான் தன் கையால் சந்தகை பிழிந்து எனக்குப் போட்டிருந்தார்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர், இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. கூடப் பிறந்த இன்னொருத்தி கைக்குழந்தையாகவே போய்விட்டாள். கல்லறையின் வடக்கு மூலையில் அவளுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டுச் சிலுவை உண்டு. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்பு அத்தை ஆள் வைத்து அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார், கறுப்புப் பெயிண்டில் பெயரை மறுபடி எழுதச் செய்வார், பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். பிறகு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். மகனுக்கு வேலை கிடைத்தது, மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாதது, சர்க்கரை கூடினது, எல்லாம். சின்ன வயதில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இடையிடையே பதிலுக்கு நிறுத்துகிறவர் மாதிரி நிறுத்துவார்.

போன வருடம் கல்லறைத் திருநாள் முடிந்து திரும்பும்போதுதான் கேட்டார். "ஏங் கண்ணு, நீதான் எல்லாருக்கும் தேதி எழுதி வெக்கறவனாச்சே. அவ செத்த நாளு என்னைக்குன்னு பாத்துச் சொல்லு. அந்த நாள்ல ஒரு பூசை வெக்கோணும். நான் போறதுக்குள்ள ஒரு தடவையாவது."

பங்கு அலுவலகத்தில் கணக்கர் பழைய பதிவேடுகளை மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். ஞானஸ்நானப் பதிவில் இரண்டு பெயர்களும் ஒரே நாளில், அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. அடக்கப் பதிவில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் அத்தையின் பெயர். சனிக்கிழமை சரியா என்று போனில் அந்த வருடத்து நாட்காட்டியைப் பார்த்தேன். சரிதான். மற்ற பெயரைத் தேடி முன்னும் பின்னும் சில வருடங்கள் புரட்டினேன். எங்கும் இல்லை.

அப்போது போன் அடித்தது. அத்தைதான்.

"கெடச்சுதா கண்ணு?"

"பாத்துட்டு இருக்கறேனுங்க அத்தை."

"மெதுவாப் பாரு. அவ எங்க ஓடிப்போறா" என்று சிரித்து வைத்துவிட்டார்.

எழுதியவர் வரி மாறி எழுதியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அடக்கப் பதிவு நாள் வரிசையில் எழுதப்படுவது. அந்த வாரத்தில் வேறு குழந்தையே இல்லை, மாறுவதற்குப் பக்கத்து வரியும் இல்லை. மறுபடி ஞானஸ்நானப் பதிவைத் திறந்தேன். ஒருவருக்குக் கல்யாணம் நடந்தால் அவருடைய ஞானஸ்நான வரியின் ஓரத்தில் அதைக் குறித்து வைப்பது வழக்கம். அத்தையின் பெயருக்கு எதிரே அவருடைய கல்யாணம், நாளும் ஊரும் மாமாவின் பெயருமாக, சுத்தமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மற்ற பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு இப்படி வந்தது: பதினொரு மாதத்தில் அடக்கம் செய்யப்பட்ட பெண் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டாள். இன்னொருத்திக்குக் கல்யாணமும் நடக்கவில்லை, சாவும் வரவில்லை. புத்தகத்தின்படி அவள் இன்னும் இருக்கிறாள்.

விவரம் கேட்க உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். பெரியத்தை, அத்தைக்கும் என் அப்பாவுக்கும் மூத்தவர், பெருந்துறையில் மகள் வீட்டில் இருக்கிறார். இரட்டைகள் பிறந்தபோது அவருக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும், நடைதான் இல்லை.

"ஏனுங்க பெரியத்தை, அன்னைக்குச் செத்தது எந்தக் கொழந்தைங்க?"

"வந்ததும் வராததுமா என்ன கேள்வி? காப்பியக் குடிச்சுப்போட்டுப் பேசு."

குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதானே வந்திருக்கற?"

"புக்குல அத்தை பேருதானுங்க இருக்குது."

"இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன். இரண்டு குழந்தைகளும் அச்சு அசல் ஒன்று. அடையாளத்துக்காக ஒருத்திக்குக் கறுப்பு, ஒருத்திக்குச் சிவப்பு என்று அரைஞாண் கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு இல்லாமலும் வேறுபாடு தெரிந்தது அவர்களுடைய அம்மா ஒருவருக்கு மட்டும். அந்த அம்மா, அதாவது நான் பிறக்கும் முன்பே இறந்துபோன என் அப்பத்தா, அந்த வாரம் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். சனிக்கிழமை விடியலில் ஒரு குழந்தை போய்விட்டது. இறந்த உடம்பில் கயிறு இருக்கக் கூடாது, அறுத்துவிட வேண்டும். கொதிக்கிற உடம்புக்குப் பச்சிலை பூச வேண்டியிருந்ததால் பிழைத்த குழந்தையின் கயிற்றையும் அறுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்தான் எல்லாம் செய்தது. கறுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தரையில் கிடந்தன.

"உங்க தாத்தா சனிக்கெழமதான் மில்லுல இருந்து வருவாரு. கவுத்தப் பாத்துத்தான் பேரே சொல்லுவாரு. அவருக்கு என்ன தெரியும்?"

"அப்ப புக்குல எப்படிங்க பேர் ஏறுச்சு?"

பெரியத்தை முதல் தடவையாகச் சிரித்தார். "கோழிக்குஞ்சாலதான்."

சனிக்கிழமை இறந்தவர் தனியாகப் போகமாட்டார், வீட்டில் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுவார் என்று பயம். அதற்காக ஒரு கோழிக்குஞ்சைக் கூடவே அனுப்பிவிடுவார்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் எங்கள் வீட்டில் அந்தப் பயம் போகவில்லை. வீட்டிலோ இன்னொன்று கொதித்துக் கிடக்கிறது. ஆனால் கோயில் உபதேசியார் பார்த்தால் விடமாட்டார்.

"எங்கப்பா துண்டுக்குள்ள குஞ்ச மறச்சுக்கிட்டு நிக்கறாரு. உபதேசியார் காயிதத்தோட வாசல்ல நின்னு, போனது எந்தப் புள்ளைங்கறாரு. குஞ்சு கீச்சு கீச்சுனு கத்துது. அது கேட்டுப்போடப் போவுதுன்னு பக்கத்தூட்டம்மா சத்தமா ஒரு பேரச் சொல்லிப்போடுச்சு. வாயில எது வந்துச்சோ அது."

உபதேசியார் எழுதிக்கொண்டு போனார். தாத்தா அடக்கம் முடிந்து திரும்பி வந்து, தரையில் கிடந்த கறுப்புக் கயிற்றை எடுத்துப் பிழைத்த குழந்தைக்குக் கட்டினார். கறுப்புக் கயிற்றுக்காரியின் பெயர்தான் அத்தையின் பெயர். அவர் ஏன் கறுப்பை எடுத்தார் என்று பெரியத்தைக்குத் தெரியவில்லை. கைக்குக் கிட்டத்தில் கிடந்திருக்கலாம்.

"மூணா நாளு அம்மா கண்ணு முழிச்சாங்க. கொழந்தையத் தூக்கிட்டுப் போயிக் காட்டுனோம். ஒரு பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, திரும்பிப் பாத்துச்சு. இன்னொரு பேரச் சொன்னாங்க, அதுக்கும் திரும்புச்சு. அப்பறம் அம்மா கொழந்தையப் பாக்கல. எனக்குப் பின்னால கதவையே பாத்துட்டு இருந்தாங்க. இன்னொண்ணு தவந்து வருமாட்டம்."

அத்தையிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். ஆனால் பூசைக்கு நாள் மட்டும் போதாது, பெயரும் எழுதித்தர வேண்டும். எந்தப் பெயரை எழுதுவது? சொல்லிவிட்டேன். அத்தை அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் எனக்கே மெழுகுவத்தி பத்த வெச்சுட்டு இருந்தனா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை, பூவெல்லாம் நல்ல பூவா வெச்சேன்."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க அத்தை. பக்கத்தூட்டம்மா தப்பாச் சொல்லியிருக்கலாம். தாத்தா சரியாக் கட்டியிருக்கலாம்."

"கட்டாமயும் இருக்கலாம்."

"இருக்கலாமுங்க."

உரித்த அவரையை விரலால் அளைந்துகொண்டே இருந்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"என்ற அம்மா என்னையப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்ல, தெரியுமா உனக்கு? சாகற வரைக்கும் அம்மணிதான். 'அம்மணி இங்க வா', 'அம்மணி சாப்புட்டயா'. இந்தப் பக்கம் எல்லாரையும் அப்படித்தானே கூப்புடறோம், எனக்கு ஒண்ணுந் தோணல." அவரைத் தட்டை ஓரமாக நகர்த்தினார். "அக்காவ மட்டும் பேர் சொல்லித்தான் கூப்புடுவாங்க."

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "சாவறப்ப என்னைய எந்தப் பேருல பொதைப்பீங்க?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

இந்த வருடம் ஜனவரி 22 அன்று காலைப் பூசை. பெயர்களை அத்தையே எழுதித் தந்திருந்தார், இரண்டையும். வாசகர் மேடைக்கு வந்து அன்று நினைவுகூரப்படும் ஆன்மாக்களின் பட்டியலைப் படித்தார். அத்தையின் பெயர் வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் சடக்கென்று திரும்பி எங்களைப் பார்த்தாள். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இறந்தவர்களுக்கான மறுமொழியை மற்றவர்களோடு சேர்ந்து தெளிவாகச் சொன்னார்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். காரைவிட்டு அத்தை இறங்கவில்லை.

"நீ போயிப் பத்த வெச்சுப்போட்டு வா கண்ணு. நான் இங்கயே இருக்கறேன்."

போன நவம்பரில் எழுதிய பெயிண்டு சிலுவையில் புதிது போலவே இருந்தது. காற்றில்லை, திரி உடனே பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை ஒன்றும் சொல்லவில்லை. வீடு வந்ததும், அடுத்த கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தால் போதும், பெயர் எழுத வேண்டாம் என்றார். தன் சிலுவைக்கும் அப்படியேதான் என்றார்.

நான் உறுதிசெய்தவை: இறந்த நாள், அது சனிக்கிழமை என்பது, பதிவில் உள்ள பெயர். கயிறும் கோழிக்குஞ்சும் பெரியத்தை ஒருவரின் நினைவை மட்டும் நம்பியவை. பிழைத்தது எந்தக் குழந்தை என்று அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்து, சொல்லாமல் விட்டாரா, அவருக்கும் தெரியவில்லையா என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அது இன்றுவரை சரிபார்க்கப்படாதது.